பூங்காவனமும் சர்தாரின் ஈறுகளும்

பூங்காவனத்தை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் அவளை அடக்கமானவள் என்பார்கள். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்துவிட்டுச் சொல்வது. அடக்கமாவது மண்ணாவது. மேல் வரிசையில் அவளுக்கு முன்பல் இரண்டு கிடையாது. கட்டின புருஷன் வீரசாமி ஒரே குத்தில் விழ வைத்தவை அவை. அந்த ஓட்டை ஊருக்குத் தெரிந்தால் அவனுக்கு அவமானமாம். அதனால்தான் முந்தானை.

பிளேன் மாக்னியன் என்ற எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலிதான். என் அடுப்படிச் சன்னலைத் திறந்தால் அவர்களுடைய முற்றம். அந்தச் சன்னல் வழியாக நான் பார்த்ததைச் சொன்னால் என்னை வம்புக்காரி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு பெண் அடி வாங்குவதைப் பார்த்ததும் சன்னலைச் சாத்திக்கொண்ட நல்லவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். நான் சாத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீரசாமி கரும்புத் தோட்டத்தில் சர்தார். மற்ற நாடுகளில் கங்காணி என்பார்களே, அதே வேலைதான். துரைக்கு முன்னால் குனிய வேண்டும், கூலிகளுக்கு முன்னால் குரைக்க வேண்டும். இரண்டுக்கும் வாய்தான் முதல். அவனுக்கு வாய் அப்படி வாய்த்திருந்தது. குரல் கொடுத்தால் நாலு வயல் தாண்டிக் கேட்கும். சிரித்தால் முப்பத்திரண்டும் பளிச்சென்று தெரியும். துரைக்கு ஒரு சிரிப்பு, கடைக்காரச் சீனனுக்கு ஒரு சிரிப்பு, கரும்புக் கட்டு தூக்கும் பெண்களுக்கு வேறொரு சிரிப்பு. தினமும் விடிந்ததும் கொய்யா மரத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டு, உப்பும் அடுப்புக்கரியும் சேர்த்துப் பல்லைத் தேய்ப்பான். அந்த நேரத்தில் பெண்டாட்டி குறுக்கே போகக் கூடாது.

பூங்காவனத்தின் பல் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில். தோட்டங்களில் கூலிகள் கத்தியைக் கீழே போட்டுக் கலவரம் செய்த வருஷம். எங்கள் பக்கத்துத் தோட்டத்திலும் கூட்டம் திரண்டு வீரசாமியைச் சூழ்ந்துகொண்டது. யாரோ அவன் தொப்பியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தார்கள். அவன் கரும்புக்குள் புகுந்து ஓடி வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து, அத்தனை பேரையும் தனியாளாகச் சமாளித்த கதையாக அதைப் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் அப்போது புதுப்பெண். தொப்பி தண்ணீரில் மிதந்து போனதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள். கூலிகள் மேல் காட்ட முடியாத வீரத்தை எல்லாம் அந்த வாய் மேல் காட்டினான்.

இனி இந்த வீட்டில் பல்லைக் காட்டக் கூடாது என்று உத்தரவும் போட்டான். அவள் காட்டவில்லை. ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, பீனிக்ஸ் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. அந்தக் கல்யாணத்தில்கூட அவள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

சாமி பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா என்று கேட்பார்கள். இருபது வருஷத்துக்குப் பக்கமாகச் சும்மாதான் இருந்தது. பிறகுதான் வீரசாமிக்கு ஈறு வீங்கியது.

முதலில் பல் தேய்க்கும்போது ரத்தம். பிறகு தேய்க்காமலே ரத்தம். தலையணையில் கறை. வாயிலிருந்து ஒரு நாற்றம். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே தெரியும் என்றால், அவன் பக்கத்தில் படுத்தவளை நினைத்துப் பாருங்கள். கொய்யா இலை வேகவைத்துக் கொப்பளித்தான். கிராம்பு அடக்கிக்கொண்டான். முருகனுக்கு வேண்டிக்கொண்டான். கரியைப் போட்டு இன்னும் பலமாகத் தேய்த்தான், அதனால் இன்னும் கிழிந்தது. ஒரு நாள் நாக்கு பட்டு முன்பல் ஒன்று ஆடியது. ஆள் கதிகலங்கிப் போனான்.

பல் போனால் அவனிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது அவனுக்கே தெரியும். பொக்கை வாய் சர்தாருக்கு எந்தக் கூலி பயப்படுவான்? கோயில் சங்கத் தலைவர் ஆறுமுகம் வேறு வயதாகிவிட்டது என்று விலகப் போவதாகப் பேச்சு. அந்த நாற்காலி மேல் வீரசாமிக்கு ரொம்ப நாளாகக் கண். மேடையில் நின்று சிரித்துப் பேசினால்தான் அது கிடைக்கும். ஆகவே தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு பல் டாக்டரிடம் போனான். ஊசி என்றால் பயம் என்பதால் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் பார்த்துவிட்டு, ஈறுக்குக் கீழே வேர் வரைக்கும் காரை கல்லாகப் படிந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு வீட்டில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல் நிற்கும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக எல்லாம் போகும். ஊசி போட்டுச் சுரண்டினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூங்காவனத்துக்குக் கம்பியால் சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டதாம். கேட்க நன்றாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

வெளியே வந்தபோது வீரசாமிக்குப் பாதி முகம் மரத்துப் போய், கடைவாயில் ரத்தமும் எச்சிலும் வழிந்துகொண்டிருந்தன. என்ன சொன்னாலும் தலையில் ஏறும் நிலையில் அவன் இல்லை. அதனால் டாக்டரிடம் வேலை பார்த்த எவெலின் என்ற பெண், செய்ய வேண்டியதை எல்லாம் பூங்காவனத்திடம் சொன்னாள். எவெலின் மாதா கோயிலுக்குப் போகிறவள். முன்னோர் தமிழர்தான், ஆனால் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில் சொன்னாள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில், சாப்பிட்ட பிறகெல்லாம் மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஆறின கஞ்சி, குழைந்த சாதம். காரம், சூடு, ரம் கூடாது. அதற்குப் பிறகு எது வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆனால் சிகரெட்டையும் கரியையும் ஒரேயடியாக விட்டுவிட்டு, காலையிலும் ராத்திரியிலும் மெத்தென்ற பிரஷ்ஷால் ஈறை ஒட்டி மெதுவாகத் தேய்க்க வேண்டும். அது ஆயுசுக்கும்.

சொல்லி முடித்துவிட்டு, உன் பல்லை யார் பிடுங்கியது என்று எவெலின் கேட்டாள். பூங்காவனம் மோவாயால் பெஞ்சைக் காட்டினாள். அங்கே வீரசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

அந்த ஒரு வாரம் அவள் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற தாய்கூடப் பார்த்திருக்க மாட்டாள். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, புறங்கையில் விட்டுப் பார்த்துத்தான் கொடுப்பாள். கஞ்சியைத் துணியில் வடிகட்டுவாள். கொய்யா மரத்தடியில் அவன் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பான், அவள் குனிந்து ஒவ்வொரு ஈறாகப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் வாயைத் திறந்துகொண்டு திட்டாமல் இருந்தது அப்போதுதான்.

வாரம் முடிந்தது. கறி எப்போது என்று சைகையில் கேட்டான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் கஞ்சிதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாதாம். சொல்லிவிட்டு, அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். விழவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினான். பயம் அவனை அப்படிப் பிடித்திருந்தது.

அன்றைக்கு அவளுக்குப் புத்தி தெளிந்தது. டாக்டர் சொன்னது அவனுக்குத் தெரியாது, தனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த வாரம், கத்தினால் ஈறு பிளந்துகொள்ளும் என்பதையும் டாக்டர் பேரில் சேர்த்துவிட்டாள். ஒரு நாள் குளிக்கத் தண்ணீர் சூடாக இல்லை என்று அவன் ஏதோ ஆரம்பித்தான். இவள் உதட்டில் விரலை வைத்து, “பா கோஸே,” என்றாள். பேசாதீங்க என்று தமிழில் சொன்னால் அந்த ‘ங்க’வாவது ஒட்டிக்கொண்டிருக்கும். கிரியோலில் அந்தத் தொந்தரவு இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டான். நான் சன்னலில் நின்று, கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

பிறகு அவளுக்குக் கை வந்துவிட்டது. அவனுக்கு உயிரான பண்டமாகப் பார்த்துச் சமைப்பாள். தக்காளியும் மிளகாயும் போட்ட கருவாட்டு ருகாய், எலும்போடு ஆட்டுக்கறி. எல்லாம் அவளுக்கு. எதிரில் உட்கார்ந்து, முன்பல் இல்லாததால் இடது கடைவாயில் ஒதுக்கி, எலும்பை மெள்ள மெள்ளக் கடிப்பாள். அவன் வாயில் உப்புத் தண்ணீரை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். துப்பக்கூட முடியாது, இன்னும் கொஞ்சம் ஊற வேண்டும் என்று அவள் சொல்லியிருப்பாள். இவ்வளவுக்கும் பிரஷ், தண்ணீர், சுத்தம் எதிலும் அவள் குறை வைக்கவில்லை. ஈறு நன்றாக ஆறி, குழந்தை ஈறு மாதிரி ரோஜா நிறத்தில் இறுகிவிட்டது. ஆடின பல்லும் நின்றுவிட்டது. நல்லதாக ஆக ஆக, இவள் சொல்வதெல்லாம் பலிக்கிறது என்று அவன் இன்னும் நம்பினான்.

தோட்டத்தில் கூத்து. எங்கள் தலைக்கு மேல் இறங்கும் விமானத்தையே மிஞ்சும் குரலை வைத்திருந்தவன், கழியால் சுட்டிக் காட்டி வேலை வாங்கினான். கூலிகள் அவன் காதுபடவே ‘ஊமை சர்தார்’ என்றார்கள். பெண்கள் கரும்பைக் கடித்துக்கொண்டு அவன் முன்னால் நின்று சப்பினார்கள். கோயில் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மேடையில் ஏறி, வாயைப் பாதி திறந்து ஏதோ முணுமுணுத்தான். முன்வரிசைக்கே கேட்கவில்லை. தலைவர் பதவி பழனியாண்டிக்குப் போயிற்று. தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்தக் கூடாது என்றும் அவள் சொல்லிவிட்டாள். வருஷா வருஷம் கன்னத்திலும் நாக்கிலும் வேல் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போகிறவன், வெறும் காவடியைத் தூக்கிக்கொண்டு சின்னப் பையன்களோடு கடைசியில் நடந்தான். பூங்காவனம் பால் செம்போடு பின்னால் வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பக்தி.

போதும்டி, விட்டுவிடு, அகப்பட்டால் கொன்றுவிடுவான் என்று நான் வேலியோரம் சொன்னேன். விட்டால் மட்டும் கொல்ல மாட்டானா அக்கா என்று கேட்டாள். 

அகப்பட்டது போர்ட் லூயிஸ் மார்க்கெட்டில். தோட்ட வேலையாகப் போன வீரசாமி அங்கே காய்கறிக் கடையில் எவெலினைப் பார்த்துவிட்டான். கஞ்சி இன்னும் எத்தனை மாதம் என்று மெதுவாகக் கேட்டிருக்கிறான். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாளாம். ஒரு வாரம்தானே சொன்னோம், இன்னுமா குடிக்கிறாய் என்றாளாம். பிரஷ்ஷை விடாதே, சிகரெட்டைத் தொடாதே என்று அவள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவன் போய்விட்டான். இந்த விவரம் எல்லாம் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த என் தம்பி மூலம் எனக்குத் தெரிந்தது.

பூங்காவனத்துக்குத் தெரிந்தது வேறு விதமாக. முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற புருஷன் வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஓடவில்லை.

கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தான். காத்தோ பிமா. நம் பருப்பு வடைதான், மிளகாய் தூக்கலாக இருக்கும். கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து, அவளை எதிரில் நிற்கவைத்து, ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்று முடித்தான். தாளைச் சுருட்டி எறிந்தான். எழுந்து பக்கத்தில் போனான். அந்தப் பழைய குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

“எந்தப் பக்கத்தாலடி எலும்பு கடிச்சே?”

 அவனுக்குத்தான் தெரியுமே. இடது பக்கம் குத்தினான். விழுந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்து மிதித்தான். நானும் என் வீட்டுக்காரரும் வேலியைப் பிரித்துக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாயைத் துடைத்துவிட்டபோது கடைவாய்ப் பல் என் கையில் வந்தது. அதைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தேன். அவன் தட்டிவிட்டுக்கொண்டு சீனன் கடைக்கு ரம் குடிக்கப் போனான்.

முகம் வீங்கிக் கிடந்தவளை மகள் வீட்டுக்குப் போகச் சொன்னேன். போகவில்லை. வீக்கம் வடிவதற்கு முன்பே எழுந்து, ஒரு காலையில் உப்புத் தண்ணீர் வைத்தாள். பிரஷ்ஷோடு அதைக் கொய்யா மரத்தடிக்குக் கொண்டுபோனாள். சிகரெட்டும் கரியும் வேண்டாம், பிரஷ்ஷால் தேயுங்கள், இது டாக்டர் நிஜமாகவே சொன்னது, விட்டால் பல் போய்விடும் என்றாள். அவன் தண்ணீரை அவள் காலில் ஊற்றிவிட்டு, கரியை அள்ளிப் பல்லில் போட்டுக்கொண்டான். இன்னொரு தரம் ஏமாற இவன் என்ன மடையனா என்று கேட்டான்.

அவள் மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். வருஷக்கணக்கில் சொன்னாள். கேட்கவே போவதில்லை, ஏன்டி உனக்கு இந்த வேலை என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. சொல்வது என் கடமை அக்கா என்றாள். இத்தனை உதை வாங்கியும் இவளுக்குப் புருஷன் பல் மேல் அக்கறையா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போதே உறுத்தியது. சில நாள் ஈறில் ரத்தம் வரும். அவனே பயந்துபோய், பற்றவைக்காத சிகரெட்டை விரலில் உருட்டிக்கொண்டு யோசித்து உட்கார்ந்திருப்பான். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் அடுப்படியிலிருந்து வருவாள். “வேண்டாங்க, ஈறுக்கு ஆகாது,” என்பாள். உடனே தீக்குச்சி கிழிபடும். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அறுபதில் அந்தப் பெரிய புயல் அடித்து எங்கள் தகரக் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போன சமயத்தில் வீரசாமிக்கு மேல் வரிசையில் பாதி இல்லை. பிறகு கீழ்வரிசை. பிடுங்க வேண்டிய தேவையே வரவில்லை. ரொட்டி கடிக்கும்போது ரொட்டியோடு வந்துவிடும். தோட்டத்தில் வேறொருவனைச் சர்தாராக்கி இவனைக் களை பிடுங்குகிறவர்களுக்குக் காவல் வைத்தார்கள். அவர்களும் பயப்படவில்லை. கன்னம் ஒட்டி, மூக்கும் மோவாயும் நெருங்கிவிட்டன. கை ஓங்குவதும் குறைந்தது. அடித்துவிட்டுத் திட்டினால் காற்றுத்தான் வந்தது, எச்சில் தெறித்தது, அது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. பூங்காவனத்துக்கும் அதற்குள் மிச்சப் பல் எல்லாம் கொட்டிவிட்டது. பார்த்துக்கொள்ள அவளுக்கு யார் உப்புத் தண்ணீர் வைத்தார்கள்.

அறுபத்தெட்டில் எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வந்தது. புதுக்கொடி ஏற்றின வாரம் கோயில் முற்றத்தில் சங்கத்தார் வாழை இலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு வைத்தார்கள். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். வீரசாமி கடைசி வரிசையில் இருந்தான். பலாக்காய், அவரை, பூசணி எல்லாம் இலையில் இருந்தன. ஒரு துண்டை வாயில் போட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி, முடியாமல் துப்பினான். பக்கத்து இலைக்காரன் தன் இலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

பூங்காவனம் வீட்டிலிருந்தே கொண்டுவந்த கஞ்சியை ஒரு டம்ளரில் ஊற்றி, புறங்கையில் விட்டுப் பார்த்து, அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பிரஷ்ஷு, சிகரெட்டுன்னு தினம் சொன்னியே. அது நிசமாடி?”

“எவெலின் சொன்னதுதாங்க. ஒரு வார்த்தை நான் சேக்கலை.”

அவன் டம்ளரைத் தொட்டான், எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. “பாவி. சிகரெட்டைக் குடின்னு நீ சொல்லியிருந்தா, உன் மேல இருந்த ஆத்திரத்துக்கு அன்னிக்கே விட்டுத் தொலைச்சிருப்பேனே.”

“தெரியும்,” என்றாள் பூங்காவனம்.

நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானை தோளில்தான் இருந்தது, அதை அவள் எடுக்கவில்லை. முப்பத்தேழில் தொப்பிக்குச் சிரித்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். பந்தி முழுக்கப் பார்க்க, மேலும் கீழும் வெறும் ஈறு தெரிய, வாயைத் திறந்து சிரித்தாள். அவன் கை இலையை விட்டு எழுந்தது. சுற்றிலும் ஆட்கள். கை தானாகவே டம்ளருக்குத் திரும்பியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

“பா கோஸே,” என்றாள் பூங்காவனம். “கஞ்சி ஆறிடும்.”